ரத்தம் எட்டாத குருத்து

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கறிக்கடைக்குப் போனால், வீட்டுக்கு வாங்கும் அரைக் கிலோ கறியோடு இன்னொன்றையும் கேட்டு வாங்கி வருவேன். ஆட்டின் பின்னங்கால் முட்டி. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடத்தை வெட்டிப் பிளக்காமல், நடுவே கத்தி முனையை விட்டுப் பக்குவமாகப் பிரித்துத் தரச் சொல்வேன். கடைக்காரருக்குப் பழகிவிட்டது. "பள்ளிக்கூடத்துக்குங்களா டீச்சர், சூப்புக்குங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். சூப்புக்கு என்றால் ஒரே போடாகப் போட்டு நான்காக்கிவிடுவார்.

பிரித்த உடனே அதைப் பார்க்க வேண்டும். எலும்பின் முனை எலும்பின் நிறத்தில் இருக்காது. லேசாக நீலம் ஓடிய வெள்ளையில், தண்ணீரில் நனைத்தெடுத்த பீங்கான் போல மின்னும். விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கும். நகத்தை எடுத்தால் மெல்ல நிமிர்ந்துவிடும். அதற்கு ஓர் அங்குலம் தள்ளி எலும்பை அழுத்தினால் நகம்தான் வலிக்கும். சதையும் இல்லை, எலும்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் வேறொன்று. அதுதான் குருத்தெலும்பு.

இதைத்தான் திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். பாடப்புத்தகத்தில் "தாங்கும் இணைப்புத் திசு" என்று ஒரே வரியில் வருகிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் பாட்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் அந்த வரிக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தச் சம்பந்தத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு வரியைப் பிரிப்போம். ஒரே மாதிரியான வேலையைச் செய்யும் செல்களும் அவற்றைச் சுற்றியுள்ள பொருளும் சேர்ந்தது திசு. உடம்பின் ஒரு பாகத்தை இன்னொன்றோடு கட்டி வைப்பது, இடைவெளியை நிரப்புவது, தாங்குவது ஆகிய வேலைகளைச் செய்பவை இணைப்புத் திசுக்கள். ரத்தம், கொழுப்பு, தசைநாண், எலும்பு எல்லாமே இந்தக் குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது அடையாளம் உண்டு. செல்கள் குறைவு, செல்களுக்கு வெளியே இருக்கும் பொருள் அதிகம். அந்த வெளிப்பொருளை வைத்துத்தான் குணம் மாறும். திரவமாக இருந்தால் ரத்தம். சுண்ணாம்பு உப்பு ஏறி இறுகினால் எலும்பு. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிரும் பக்குவத்தில் இருந்தால் குருத்தெலும்பு. எலும்பும் குருத்தெலும்பும் உடம்பைத் தாங்கும் வேலையைச் செய்வதால் தாங்கும் திசுக்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாழைக்குருத்து, பனங்குருத்து என்கிறோம். முற்றாத இளசு என்று பொருள். எலும்பின் இளசு என்று நினைத்து வைத்த பெயர் இது. ஒரு பாதி அது மிகச் சரி. தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் எலும்புக்கூட்டில் பெரும்பகுதி முதலில் குருத்தெலும்பாகத்தான் உருவாகிறது. பிறகு அதை அச்சாக வைத்துக்கொண்டு எலும்பு அந்த இடத்தைப் பிடிக்கிறது. மண்டையோட்டின் மேற்பகுதியைப் போன்ற சில எலும்புகள் மட்டும் நேரடியாகவே எலும்பாகின்றன. பிறந்த குழந்தையின் முழங்கால் சில்லு கூடக் குருத்தெலும்புதான். 3 வயதுக்கு மேல்தான் அதில் எலும்பு தோன்றத் தொடங்கும். தரையில் முட்டி போட்டுத் தவழும் பிள்ளைக்கு அது எவ்வளவு தோதான ஏற்பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

பிள்ளை உயரமாக வளர்வதும் குருத்தெலும்பின் வேலைதான். நீண்ட எலும்புகளின் முனைக்குச் சற்று முன்னால் ஒரு மெல்லிய குருத்தெலும்புத் தட்டு இருக்கும். அதிலுள்ள செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் காசுகளை அடுக்கியது போல் வரிசையில் நின்று பிரிந்து பெருகும். ஒரு பக்கம் குருத்து வளர வளர, மறுபக்கம் அது எலும்பாக மாறிக்கொண்டே வரும். பதின்பருவம் முடியும்போது தட்டு முழுக்க எலும்பாகி மூடிக்கொள்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இது சற்று முந்தியே நடந்துவிடும். மூடிய பிறகு எந்த மாவும் எந்த மாத்திரையும் உயரத்தைக் கூட்டாது. பத்தாம் வகுப்புப் பையன்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பெயரின் மறுபாதி நம்மைத் தவறான பக்கம் கொண்டுபோகிறது. பெரியவர்களின் முட்டியிலும் காதிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் குருத்து, என்றைக்காவது முற்றி எலும்பாகப்போகும் இளசு கிடையாது. அது கடைசி வரை குருத்தாகவே இருந்தாக வேண்டும். அதன் வேலையே வளைந்து கொடுப்பதுதான்.

காதுமடலை மடக்கிவிட்டுப் பாருங்கள், உடனே நிமிரும். அங்கே இருப்பது மீள்தன்மையுள்ள வகை. ரப்பர் போல இழுபடும் நார்கள் அதில் அதிகம். கம்மல் போடும் கீழ்ப்பகுதியில் மட்டும் குருத்தெலும்பு இல்லை, தோலும் கொழுப்பும்தான். அதனால்தான் அந்தக் காலத்துப் பாட்டிகளுக்குக் கனமான காதணி போட்டுப் போட்டுக் காது தோள்வரை தொங்கியது. அதே பாட்டிகள் காதின் மேல்பக்கம் போட்ட கொப்பும் முருகும் அந்த இடத்தை அப்படி இழுக்கவில்லை. மேல்காதில் குத்தினால் புண் ஆறவும் நாளாகும். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறும் முன்பே காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறக்கும். நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. அதில் தொண்டைப் பக்கத்து மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவர் குருத்தெலும்பு. சாதாரணமாக அது மூடிக் கிடக்கும். விழுங்கும்போது அண்ணத்தின் தசை இழுக்க, குழாய் திறந்து காற்று சமமாகிறது. எலும்பால் ஆகியிருந்தால் மூடித் திறக்க முடியாது; வெறும் சதையாக இருந்தால் சப்பிப் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். மூச்சுக்குழாயிலும் இதே யோசனைதான். 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள் அதைத் திறந்தே வைத்திருக்கின்றன. அவை முழு வளையங்கள் இல்லை, பின்பக்கம் திறந்த லாடம் போன்றவை. பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. ஒரு கவளம் சோறு இறங்கும்போது அது புடைக்க இடம் வேண்டுமே.

வகைகள் மூன்று. காதில் பார்த்த மீள்தன்மை வகை ஒன்று. மூட்டு முனை, விலா எலும்பின் முன்நுனி, மூச்சுக்குழாய், மூக்கு ஆகிய இடங்களில் இருக்கும் கண்ணாடி போன்ற வழவழப்பான வகை இரண்டாவது. புத்தகத்தில் ஹையலின் என்று போட்டிருக்கும். மூன்றாவது நார் அதிகமுள்ள முரட்டு வகை. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் 23 வட்டுகளின் வெளிச்சுற்றும், முட்டிக்குள் இருக்கும் பிறை வடிவ மெத்தைகளும் இந்த வகை. கபடி ஆடும்போது கால் ஊன்றியபடி உடம்பு திரும்பினால் கிழிவது பெரும்பாலும் இந்தப் பிறைதான். நம் கதை இனி இரண்டாவது வகையைப் பற்றியது. அதிலும் மூட்டு முனையில் இருக்கும் குருத்து. மனித முட்டியில் அதன் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். ஒரு தட்டுவடையின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மெல்லிய உறையின் மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது தெரியுமா? சமதளத்தில் நடக்கும்போது முட்டி மூட்டின்மேல் விழும் விசை உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு படி இறங்கினால் அந்த ஒரு கணம் முட்டியில் 210 கிலோ. எடை மட்டுமில்லாமல், தசைகள் இறுக்கிப் பிடிக்கும் விசையும் சேர்வதால் இவ்வளவு. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மா என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "ஏறும்போது மூச்சு வாங்குமுங்க, இறங்கும்போது முட்டி வாங்குமுங்க." சரிவில் பழக்கூடையோடு இறங்கிப் பழகிய கால் சொன்ன கணக்கு அது.

இவ்வளவு பாரத்தை 3 மில்லிமீட்டர் எப்படித் தாங்குகிறது? இதை விளக்க வகுப்பில் நான் செய்து காட்டுவது ஜவ்வரிசி மூட்டை. சேலத்தில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. ஒரு பிடி ஜவ்வரிசியை எடுத்து, கூடவே நாலைந்து மிளகையும் போட்டு, பழைய வேட்டித் துணியில் கொஞ்சம் மட்டும் தளர்வு விட்டுக் கட்டி, ராத்திரி தண்ணீரில் போட்டுவிட வேண்டும். காலையில் எடுத்தால் மூட்டை பந்து போல் விறைத்திருக்கும். அமுக்கினால் தண்ணீர் கசியும், லேசாக உள்வாங்கும். திரும்பத் தண்ணீருக்குள் விட்டால் மறுபடியும் விம்மும். அதைக் கையில் வாங்கிப் பார்க்கும்போதுதான் மாணவர்கள் முகத்தில் விஷயம் ஏறுவது தெரியும். ஜவ்வரிசி தனியாக விறைப்பு இல்லை, தண்ணீரும் விறைப்பு இல்லை, வேட்டித் துணியும் விறைப்பு இல்லை. மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும்போது விறைப்பு வருகிறது.

குருத்தெலும்பில் வேட்டித் துணியின் இடத்தில் இருப்பது கொலாஜன் என்ற புரத நார்களின் வலை. ஜவ்வரிசியின் இடத்தில் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. தென்னம்பாளை வெடித்து விரிந்தது போல, நடுத்தண்டிலிருந்து ஏராளமான சர்க்கரைச் சரங்கள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சரங்களில் எதிர்மின்னூட்டம் நிறைய. சோடியம் அயனிகளை அவை இழுக்கும். அயனிகளின் பின்னால் தண்ணீர் வரும். மாவுப்பொருளான ஜவ்வரிசி தண்ணீர் குடிக்கும் விதம் வேறு, ஆனால் விம்முவதும் துணி அதைத் தடுப்பதும் ஒன்றுதான். குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர். அப்புறம் அந்த மிளகுகள்? அவைதான் செல்கள், காண்ட்ரோசைட்டுகள். பெரியவர்களின் மூட்டுக் குருத்தில் நூறு பங்கு இடத்தில் இரண்டு பங்குதான் அவை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சின்ன அறைக்குள் குடியிருக்கிறது. அக்கம்பக்கத்துச் செல்லோடு தொடுசல் இல்லை. சுற்றியிருக்கும் வலையையும் சரத்தையும் கட்டியதும் பராமரிப்பதும் இந்தச் சிறுபான்மைதான்.

தண்ணீரின் பங்கைக் கண்ணால் பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. ஆட்டு முட்டியை மாடிச் சுவரில் வெயிலில் வைத்துவிடுங்கள். சாயங்காலத்துக்குள் அந்த நீலவெள்ளை மினுமினுப்பு போய், மஞ்சள் ஏறி, பழைய பசை காய்ந்தது போல் மெல்லிய தோலாக எலும்போடு ஒட்டிக்கிடக்கும். நகத்தால் தட்டினால் டொக்கென்று கேட்கும். தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் பெரும்பாலும் பழைய வெள்ளைக்கு வந்துவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அந்த ஆட்டு முட்டியைப் பிரித்த இடத்தில் சதையிலிருந்து ரத்தம் கசிந்திருக்கும். எலும்பைப் பிளந்தால் உள்ளே செக்கச்செவேல் என்று மச்சை இருக்கும். குருத்தின் மேல் கத்தி பட்டால் மட்டும் ஒரு சொட்டு ரத்தம் வராது. அங்கே ரத்தக்குழாயே கிடையாது. நரம்பும் கிடையாது. நிணநீர்க் குழாயும் கிடையாது.

ஓர் ஊருக்கு ரோடு இல்லை என்றால் அரிசி எப்படிப் போய்ச் சேரும்? உடம்பின் மற்ற பெரும்பாலான இடங்களுக்குச் சோறும் ஆக்சிஜனும் ரத்தத்தில் போகிறது. காதிலும் மூச்சுக்குழாயிலும் குருத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு. ரத்தக்குழாய் அந்த உறை வரை வரும், அங்கிருந்து சத்து ஊறி உள்ளே போகும். மேல்காதில் குத்திய புண் ஆற நாளாவது இதனால்தான். மூட்டு முனைக் குருத்துக்கு அந்த உறையும் இல்லை. உறை இருந்தால் வழவழப்பு போய்விடும். அதற்கு இருக்கும் முக்கிய வழி மூட்டு நீர் ஒன்றுதான். முட்டை வெள்ளைக்கரு போன்ற பிசுபிசுப்பான திரவம். நல்ல நிலையில் உள்ள முட்டியில் ஒரு தேக்கரண்டி கூட இருக்காது. வழுக்கலுக்கு எண்ணெயும் அதுவே, சோறும் அதுவே.

அந்த நீரிலிருந்து சின்ன மூலக்கூறுகள் தாமாகவே குருத்துக்குள் பரவும். பெரிய மூலக்கூறுகள் உள்ளே போக ஒரு தள்ளு வேண்டும். ஜவ்வரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கால் ஊன்றும்போது குருத்து அழுந்தி, உள்ளிருந்த நீர் கொஞ்சம் வெளியே வருகிறது. காலைத் தூக்கும்போது குருத்து விம்மி, புது நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் அந்தச் செல்களுக்கு ஒரு வாய். அதோடு, அழுத்தம் ஏறி இறங்குவதைச் செல்களே உணர்ந்து, அதற்கேற்பப் புதிய அக்ரிகனைச் செய்கின்றன. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால்களை அசைக்க முடியாமல் போனவர்களின் முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், மாதங்கள் போகப் போகக் குருத்து மெலிந்துகொண்டே வருவது தெரிகிறது. உழைத்துத் தேயவில்லை; உழைப்பே இல்லாததால் மெலிகிறது.

என் அப்பாவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். இரண்டு கால்களையும் குழிக்குள் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருந்த கால். அறுபது தாண்டியதும் வலது முட்டியில் வலி வந்தது. அக்கறையுள்ள ஒருவர், "தேய்ஞ்ச சக்கரத்தை ஓட்டினா இன்னும்தான் தேயும், அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டார். அப்பாவும் தறியை நிறுத்தி, கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தி, எட்டு மாதம் திண்ணையோடு இருந்துவிட்டார். வலி போகவில்லை. தொடை மெலிந்துபோய், வேட்டி கட்டும்போதே வித்தியாசம் தெரிந்தது. வாசலின் மூன்று படி ஏறத் தூணைப் பிடிக்க வேண்டி வந்தது. உயிரியல் பாடம் நடத்தும் நான் வீட்டில் இருந்தும், அந்த எட்டு மாதமும் அவரை எழுப்பி நடக்க வைக்காமல் இருந்துவிட்டேன். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சக்கரம் உயிரில்லாதது. ஓட்டினால் தேயும், நிறுத்தினால் அப்படியே இருக்கும். முட்டிக்குள் இருப்பது உயிருள்ள பொருள். நிறுத்தினால் பட்டினி.

மூட்டுத் தேய்மானம் என்று நாம் சொல்லும் நோயிலும், செருப்பு தேய்வது போலக் குருத்து மட்டும் தேய்ந்து போவதில்லை. குருத்தின் செல்களும் மூட்டின் உட்சவ்வும் சேர்ந்து சுரக்கும் நொதிகள் கொலாஜன் வலையையும் அக்ரிகனையும் அறுக்கின்றன. துணி நைந்த ஜவ்வரிசி மூட்டை போல விறைப்பு போய்விடுகிறது. அடியிலிருக்கும் எலும்பு தடிக்கிறது, ஓரங்களில் முள் போல் வளர்கிறது. உட்சவ்வு வீங்குகிறது. குருத்துக்கு நரம்பில்லை என்று சொன்னேனே, அப்போது வலி எங்கிருந்து வருகிறது? இந்த எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும்தான். குருத்து குறையத் தொடங்கிய காலத்தில் அதற்குச் சொல்ல வாயில்லை. வலியாக நமக்குத் தெரிய வரும்போது விஷயம் பக்கத்து வீடுகள் வரை போயிருக்கும்.

போன குருத்து திரும்ப வளருமா? லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743-லேயே எழுதிவிட்டார்: புண்ணான குருத்தெலும்பு தொல்லை பிடித்தது, ஒருமுறை அழிந்தால் சரியாவதில்லை என்று. தோலில் வெட்டுப்பட்டால் ரத்தம் வந்து உறைந்து, அதன் பின்னால் பழுது பார்க்கும் செல்கள் வந்து சேரும். ரத்தமே வராத இடத்துக்கு யார் வருவார்கள்?

2016-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை இன்னும் ஆழமாகக் காட்டியது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடி, பிறகு வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. சாப்பாட்டின் வழியே அது எல்லார் உடம்பிலும் சேர்ந்திருக்கிறது. ஒரு திசுவில் எவ்வளவு கார்பன்-14 என்று அளந்தால், அது எந்த வருஷம் உண்டானது என்று சொல்லிவிடலாம். முட்டிக் குருத்தின் கொலாஜனை அப்படி அளந்தபோது, அது அந்தந்த ஆளின் வளரும் பருவத்தில் உண்டானதாகவே இருந்தது. வளர்ந்த பிறகு புதிதாக ஏதும் சேர்ந்த மாதிரியே தெரியவில்லை. எழுபது வயதுக்காரர் நடப்பதும் பள்ளிக்கூட நாளில் நெய்த அதே துணியின் மேல்தான். இதை முதன்முதலில் படித்த அன்று, அப்பாவின் முட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்ரிகன் அப்படி இல்லை. அதைச் செல்கள் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அதனால் நம் கையில் கொஞ்சம் இருக்கிறது. துணியை மாற்ற முடியாது, உள்ளே இருக்கும் ஜவ்வரிசியையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவமும் சும்மா இருக்கவில்லை. 1994-ல் ஸ்வீடனில் ஒரு குழு, நோயாளியின் சொந்தக் குருத்திலிருந்தே செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி, முட்டியில் பள்ளமான இடத்தில் திரும்ப வைத்த சிகிச்சையை அறிவித்தது. இன்றும் அது நடக்கிறது. அடிபட்டு ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்த இளம் வயதினருக்குத்தான் அது பெரும்பாலும் பொருந்தும். அடி எலும்பில் சின்னச் சின்னத் துளை போட்டு, மச்சையிலிருந்து ரத்தத்தை வரவழைக்கும் முறையும் உண்டு. அதில் வளர்வது வழவழப்பான பழைய வகை இல்லை, நார் வகை. முழுக்கப் போய்விட்டால் உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்டு மூட்டு முனைகளுக்கு உறை போடுகிறார்கள். முட்டி மாற்று அறுவை சிகிச்சை என்பது அதுதான்.

ஏற்காடு போனால் ரோட்டோரக் கடைகளில் பழுப்பு மயிர் மூடிய ஒரு கிழங்கு விற்பார்கள். முடவாட்டுக்கால். பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது. தோலைச் சீவி, தட்டி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டு வைக்கும் சூப் குளிருக்கு இதமாக இருக்கும். முட்டி வலி பறந்துவிடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நானும் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், விரும்பிக் குடிப்பார். ஆனால் அது குருத்தை வளர்க்கும் என்று நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. நிஜ ஆட்டுக்கால் சூப்புக்கும் இதுதான் பதில். அதில் கொலாஜன் இருப்பது உண்மை. சூப் ஆறினால் உறைவது அதனால்தான். வயிறும் குடலும் அதைத் துண்டு துண்டாக்கி ரத்தத்தில் விடும். முட்டிக்கு என்று முகவரி எழுதி அனுப்ப முடியாது. அனுப்பினாலும் ரத்தம் அந்த வாசலோடு நின்றுவிடுகிறது.

பலன் தருவது எது என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்புறம் தொடையின் முன்தசையைப் பலப்படுத்துவது. அந்தத் தசை பலமாக இருந்தால் அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். அப்புறம் நடை. முட்டி வீங்கிச் சூடாக இருந்தால், திடீரென்று பூட்டிக்கொண்டால், விழுந்து அடிபட்டால் நடக்கப் போகாமல் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி நாள்பட்ட வலி என்றால், வலி தாங்கும் அளவுக்குள் அசைந்துகொண்டே இருப்பதுதான் குருத்துக்குச் சோறு.

அப்பாவுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது மிகச் சாதாரணமானது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்குவது. முதல் வாரம் ஐந்து முறை செய்வதற்குள் கால் நடுங்கியது. நீட்டி மடக்கும் அந்தக் காலைப் பார்த்தபோது, தறிக்குழியில் மிதி மிதித்த கால்தான் நினைவுக்கு வந்தது. மூன்று மாதத்தில் தூணை விட்டுவிட்டு வாசல்படி ஏறினார். வலி முழுக்கப் போகவில்லை. காலையில் எழுந்ததும் முதல் பத்தடி கடினம் என்கிறார், அதற்குப் பிறகு இளகிவிடுகிறதாம்.

போன மாதம் எக்ஸ்ரே எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "எங்க கண்ணு அந்தக் குருத்து?" என்று கேட்டார். எக்ஸ்ரேயில் சுண்ணாம்புச் சத்துள்ள எலும்புதான் வெள்ளையாக விழும். குருத்து விழாது. மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஒரு சந்து தெரிகிறதே, அந்த அகலத்தை வைத்துத்தான் குருத்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள் என்று சொல்லி, விரலால் தொட்டுக் காட்டினேன். உள்பக்கம் சந்து குறுகியிருந்தது. வெளிப்பக்கம் இன்னும் நன்றாகவே இருந்தது.

"ஒண்ணுமே இல்லாத இடமாட்டம் இருக்குது," என்றார். படத்தை உறையில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பால் வாங்கக் கிளம்பினார்.